நான்கு விரல் குறைவு

தச்சருக்கு அளவு தப்பாது என்று நாலு தெருவுக்கும் தெரியும். செருப்பு வாங்கப் போனாலும் அளவுகோலை எடுத்துக்கொண்டு போகிற மனிதர் என்று தங்கை கேலி செய்வாள். அளக்கத் தெரிந்தவருக்கு, அளந்ததைப் பற்றி யோசிக்கத் தெரிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நகராட்சித் தலைவருக்குத் தம் கொள்ளுத்தாத்தாவின் துப்பாக்கியை அலுவலக வரவேற்பறையில் வைக்க ஆசை வந்தது. கண்ணாடிப் பெட்டி கிட்டி எதுவும் வேண்டாமாம். வருகிறவர்கள் கையில் எடுத்துப் படம் பிடித்துக்கொள்ள வேண்டும், வம்சப் பெருமை ஊரெல்லாம் பரவ வேண்டும். அதற்கு ஒரு மரத்தாங்கி செய்யத் தச்சரைக் கூப்பிட்டார். தச்சரின் தங்கைக்கு அதே வரவேற்பறையில் வேலை போட்டுக் கொடுத்தவர் அவர்தான். முடியாது என்று சொல்ல வாய் வருமா?

துப்பாக்கி நழுவாமல் இருக்கக் குழல் வாயில் ஒரு மர முளை செருக வேண்டும். முளைக்கு ஒரு சாண் ஆழம் போதும். ஆனாலும் பழக்க தோஷம், குச்சியை முழுக்க விட்டு அளந்தார். வெளியே இருந்த நீளத்தைவிட உள்ளே நான்கு விரல் குறைவு. துரு அடைத்திருக்கும், நமக்கென்ன என்று விட்டுவிட்டார். விசையை இழுத்தால் சுத்தி வந்து அடிக்கும் இடத்தில் சின்னதாக ஒரு செப்புத் தொப்பி இருந்தது. அதையும் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினார்.

பதினைந்து நாளாக அங்கே ஒரே கூத்து. துப்பாக்கியை எடுக்கிறவர்கள் எதிரே மேசையில் இருக்கும் தங்கையைத்தான் குறி பார்ப்பார்கள். அவள் இரண்டு கையையும் தூக்கிப் பயந்தவள்போல் சிரிக்க வேண்டும். தலைவர் சொல்லியிருந்தார். ஒரே குறை, சுத்தி பாதி தூக்கிய நிலையிலேயே துருப்பிடித்து அசையவில்லை.

"அசைஞ்சா இன்னும் நல்லா இருக்கும்பா, கொஞ்சம் எண்ணெய் விடேன்" என்று தலைவர் நேற்றுக் கேட்டார். தச்சர் தாராளமாக விட்டார். "ஊறட்டும் ஐயா, நாளைக்கு வழிக்கு வந்துடும்" என்றார்.

இன்று காலை பட்டறைக்கு ஒரு கதவை இழைக்கக் கொண்டுவந்தவர் பட்டாளத்தில் ஆயுதம் பழுது பார்த்து ஓய்வு பெற்றவர். தச்சர் தாங்கியின் பெருமையை அளந்துகொண்டிருந்தார். பட்டாளத்துக்காரர் கேட்டுக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"உள்ள எவ்வளவு கம்மின்னீங்க?"

"நாலு விரல். துரு."

"ஒரு விரல் கம்மின்னா சரி, அது அடிக்கட்டையோட கனம். நாலு விரல்னா உள்ள வெடிமருந்தும் குண்டும் இருக்கு. சுத்திக்குக் கீழ, அடிச்சா பொறி பறக்கிற தொப்பி எதுவும் இருக்கா?"

தச்சர் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் அழைத்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. இழைப்புளியைப் போட்டது போட்டபடி ஓடினார்.

வரவேற்பறையில் வரி கட்ட வந்த ஒருவர் துப்பாக்கியைத் தோளில் வைத்துக்கொண்டு, "அட, இன்னைக்கு அசையுதே" என்று கட்டைவிரலால் சுத்தியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டிருந்தார். எதிரே தங்கை கையைத் தூக்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். தச்சர் பாய்ந்து குழலைக் கூரையைப் பார்க்கத் தள்ளிப் பிடித்தார். "என்னய்யா, ஒரு படம் எடுக்கக் கூடாதா?" என்று அந்த ஆள் எகிறினார்.

பின்னாலேயே மூச்சு வாங்க வந்த பட்டாளத்துக்காரர் துப்பாக்கியை வாங்கிச் சுத்தியைப் பதனமாக இறக்கி நிறுத்தினார். எல்லோரையும் விலகச் சொல்லிவிட்டு முதலில் தொப்பியைக் கழற்றினார். பிறகு பட்டறையிலிருந்து கையோடு கொண்டுவந்திருந்த திருகு முனைக் கம்பியைக் குழலுக்குள் விட்டுத் திருகி இழுத்தார். ஒரு கந்தல், ஒரு ஈயக் குண்டு, கடைசியில் கவிழ்த்துத் தட்டியதும் கறுப்பு மருந்து. எல்லாம் தங்கையின் பதிவேட்டின் மேல் விழுந்தன. மருந்தில் ஒரு சிட்டிகையை வாசலில் வைத்துப் பற்றவைத்தார். குப்பென்று எரிந்தது.

தங்கை அண்ணனைப் பார்த்தாள். "நீ அளந்தியாண்ணே?"

"அளந்தேன்."

"கம்மியா இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா. துருன்னு நெனச்சேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அவள் கத்தியிருந்தால்கூடத் தச்சர் தாங்கியிருப்பார்.

செய்தி கேட்டுத் தலைவர் மாடியிலிருந்து இறங்கி வந்தார். குண்டைக் கையில் உருட்டிப் பார்த்து, "எங்க கொள்ளுத்தாத்தா லேசுப்பட்டவர் இல்ல" என்று பூரித்தார். "சரி, இப்பக் காலிதானே? பழைய இடத்துலயே வைங்க. குண்டுக்கும் ஒரு சின்னப் பெட்டி பண்ணிடுப்பா." கூடியிருந்தவர்களின் பயத்தைத் தெளிவிக்க அவரே துப்பாக்கியை எடுத்துத் தங்கையைக் குறி பார்த்தார். "எங்கே, கையத் தூக்கும்மா."

"எனக்கு வேலை இருக்குங்க ஐயா" என்றாள் அவள். "அண்ணனைப் பாத்துக் குறி வைங்க."

தலைவர் சிரித்துக்கொண்டே குழலைத் திருப்பினார். காலி என்று தச்சருக்கு நன்றாகத் தெரியும், எடுத்ததைக் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் அந்தக் கறுப்பு ஓட்டை நெஞ்சுக்கு நேரே வந்து நின்றதும் ஓர் அடி பின்வாங்கிவிட்டார். பதினைந்து நாள், நாளுக்கு எத்தனை பேரோ, இதைப் பார்த்துக்கொண்டு அவள் சிரித்திருக்கிறாள். அவர் கையைத் தூக்கினார்.

"கொஞ்சம் சிரிப்பா" என்றார் தலைவர்.

தங்கை தலை நிமிரவில்லை. பதிவேட்டில் சிந்தியிருந்த மருந்தை ஒரு தாளால் கூட்டி எடுத்துக்கொண்டிருந்தாள்.