அர்ஜிரோவின் மேல் படிந்த ஒன்பது அடுக்குகள்

முனைவர் பட்ட ஆய்வின் மூன்றாம் ஆண்டில் என் தங்கை அர்ஜிரோவின் முழங்கால்வரை மண் படிந்துவிட்டது. எங்கள் கிரீட் தீவில் ஒரு வழக்கம் உண்டு. பழம்பொருளைத் தோண்டியெடுத்தவர் எவரோ, அதைப் பற்றி எழுதும் உரிமை அவருக்கே. பேராசிரியர் ஸ்காரவெலாகிஸ் அவள் பிறந்த ஆண்டில் எங்கள் குன்றிலிருந்து நானூறு எண்ணெய்த் தாழிகளின் ஓடுகளை எடுத்தார். அதன்பின் ஒரு வரியும் எழுதவில்லை. அந்த ஓடுகளைத்தான் அவள் ஆய்வுக்குத் தேர்ந்திருந்தாள். அவர் அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். "அடுத்த மாசம் பாத்துக்கலாம்மா" என்றார்.

அதுவரை அவள் அருங்காட்சியகக் கிடங்கில் உட்கார்ந்து ஓடுகளைக் கழுவினாள், ஒட்டினாள், பென்சிலால் வரைந்தாள். மண் ஆண்டுக்கு ஓர் அடுக்காகப் படிந்தது. ஆப்பிரிக்கப் பாலைப் புழுதிக் காற்று பலமாக அடித்த ஆண்டின் அடுக்கு சிவப்பு. ஆலிவ் தோப்புகள் எரிந்த ஆண்டினுடையது கறுப்பு. ஐந்தாம் ஆண்டு அம்மாவின் அடக்கத்துக்கு அவளால் எழுந்து வர முடியவில்லை. அந்த அடுக்கில் தனியாக எந்த நிறமும் இல்லை.

கிடங்குக் காவலர் மனுசோஸ் கேலி செய்வார். "என்ன பொண்ணு, உன் மடியில துளசி நட்டா நல்லா வரும் போலிருக்கே?"

"நடுங்க மாமா. கையெழுத்து வர்றதுக்குள்ள பூத்துடும்."

ஆறாம் ஆண்டில் நான் மண்வெட்டியோடு போனேன். மண் அவள் இடுப்பைத் தாண்டியிருந்தது. "கலைச்சிடாதேண்ணா!" என்று கத்தினாள். "எந்த வருசம் எதுன்னு தெரியாமப் போயிடும். அடுத்த மாசம் கையெழுத்து வந்துடும், மறுநாளே வீட்டுக்கு வந்துடறேன்." படித்தவள் சொல்கிறாளே என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பினேன்.

ஒன்பதாம் ஆண்டில் மண் அவள் தலையை மூடியது. அந்த வாரமே பேராசிரியர் முதன்முறையாகக் கிடங்குக்கு வந்தார். சிறு கரண்டியாலும் தூரிகையாலும் பத்து நாள் பொறுமையாகத் தோண்டினார். அவள் வலது கையில் பென்சில் இருந்தது. அவளுக்கு எண் எழுதிய சீட்டைக் கட்டி, பெட்டியில் கிடத்தி, அலமாரியில் ஏற்றினார்கள்.

அம்மாவுக்குப் பக்கத்தில் அடக்கம் செய்ய அவளைத் தரும்படி பேராசிரியரிடம் கேட்டுப் போனேன். அவர் பண்பாகத்தான் பேசினார். "தோண்டியெடுத்தது நான், தம்பி. நான் எழுதி முடிக்கிறவரைக்கும் வேற யாரும் தொட முடியாதே. ஒரு விண்ணப்பம் குடுங்க, அடுத்த மாசம் போட்டுத் தர்றேன்."

நான்கு ஆண்டுகளாகக் கிடங்கு வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். போன வாரம் மனுசோஸ் துடைப்பத்தோடு வந்து என் கால்கள்மேல் படிந்த மண்ணைக் கூட்டக் குனிந்தார்.

"வேண்டாம் மாமா, கலைச்சிடாதீங்க" என்றேன். "அடியில இருக்கறது அவ செத்துப்போன வருசம்."