எல்லாக் கடனும் ரத்தான வாரம்

வக்கீல் ஆபீஸில் ஆறேழு வருடம் ஃபைல் சுமந்தவர் என்பதால், அரவேணுவில் எங்கள் தெருவுக்கு ஜெகதீசன்தான் சட்டம். போன வாரம் மோசஸின் டீக்கடையில் உட்கார்ந்து தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"அரசாங்கம் நெனச்சா எல்லாக் கடனையும் ரத்துப் பண்ணலாமுங்க. சட்டசபைல ஒரு சட்டம், அவ்வளவுதான். எலெக்சனுக்கு முன்னால வந்துரும் பாருங்க."

"ஏனுங்க, அப்ப சீட்டு?" என்றாள் சசிகலா.

ஜெகதீசன் டீயை உறிஞ்சினார். "எடுத்தவங்க கட்டறது கடன்தானுங்களே."

அங்கே இருந்த முகங்களைப் பார்த்திருக்க வேண்டும், பந்தியில் பாயசம் வந்த மாதிரி! பிலோமி நடத்தும் சீட்டில் எல்லாரும் பணம் எடுத்தாகிவிட்டது. ஜெகதீசன் இரண்டாவது ஆளாக எடுத்துச் சுவரகல டிவி வாங்கினார். பாக்கி வேலாயி ஒருத்திதான். மகள் சரிதாவின் நர்சிங் ஃபீஸுக்கு, ஏலக்கழிவு இல்லாமல் முழுப்பணம் கிடைக்குமென்று கடைசிச் சீட்டுக்குக் காத்திருந்தவள். மற்றவர்கள் கடைசித் தவணை கட்டினால்தான் அவளுக்குப் பணம். வெள்ளிக்கிழமைக்குள் ஃபீஸ் போகாவிட்டால் சரிதாவின் இடம் வேறொருத்திக்கு.

பிலோமி வசூலுக்குப் போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன். இதையெல்லாம் அடுத்தவர் சொல்லிக் கேட்டால் ருசிக்காது. "ஆர்டர் வரட்டுங்க்கா" என்றாள் சசிகலா, புதுக் கம்மல் ஆட. சர்ச்சில் முதல் பெஞ்சை விட்டுத்தராத ஞானசீலன் கதவே திறக்கவில்லை. உள்ளே குக்கர் மட்டும் விசிலடித்தது. தூ!

புதன்கிழமை ஜெகதீசனின் அரை ஏக்கரில் தேயிலை பறிக்கிற நாள். மழைக்குப் பிறகு கொழுந்து பொங்கி நின்றது. இன்னும் இரண்டு நாள் விட்டால் முற்றிவிடும், ஃபேக்டரி தொடாது. பறிக்க ஆள் கூட்டிவருவது வேலாயி. கூலி எப்போதும் அடுத்த மாதம், ஃபேக்டரி பணம் வந்த பிறகு.

அன்றும் ஆட்களோடு வந்தாள். ஒருத்தரும் செடிப்பக்கம் போகவில்லை.

"கூலிய இப்பவே குடுத்துருங்க."

"என்ன வேலாயி புதுசா?"

"அடுத்த மாசம்னா கடனாயிருமுங்களே. அரசாங்கம் ரத்துப் பண்ணிட்டா நாங்க எங்க போறது? சீட்டுப் பணத்தையும் சேர்த்து வைங்க."

"அது வேற, இது வேற!"

"எப்பிடி வேறன்னு சொல்லுங்க. நின்னு கேட்டுக்கறோம்."

ஜெகதீசன் கொழுந்தைப் பார்த்தார், ஃபேக்டரி வண்டி வரும் ரோட்டைப் பார்த்தார். வீட்டுக்குள் போய்ப் பணத்தோடு வந்தார்.

தான் மட்டும் கட்டி ஏமாறுவதா? சாயங்காலமே டீக்கடையில் புதுத் தீர்ப்பு. "அடுத்தவங்க காசை அரசாங்கம் சும்மா அழிக்க முடியாதுங்க. கோர்ட்டு விடாது. சீட்டெல்லாம் கட்டியே ஆகணும்." போன வாரம் ஆடிய அதே தலைகள் இப்போதும் ஆடின.

வியாழக்கிழமை பிலோமி வீட்டில் எல்லாரும் கூடித் தவணை கட்டினார்கள், அவள் போட்ட காபியையும் குடித்தார்கள். "வேலாயக்கா, நாங்க இல்லாட்டி உங்க பொண்ணு நர்சாகுமா?" என்றாள் சசிகலா, கூசாமல்.

வேலாயி பணத்தை வாங்கினாள். காபியைத் தொடாமல் பஸ்ஸுக்கு நடந்தாள்.

"ஒரு நன்றி சொல்லுச்சா பாருங்க" என்றார் ஜெகதீசன்.