இடுப்புக்குப் பச்சை முட்டை

மூத்தவள் செல்வப்பிரியா பெரியவளானதும் ராமுத்தாய்க்கு ஒரே கவலைதான். பெண்ணின் இடுப்பெலும்பு உறுதிப்பட வேண்டும். தேவிகுளத்தை ஒட்டிய தேயிலை எஸ்டேட்டின் லயத்து வரிசை வீடுகளில் வைத்தியத்துக்கா பஞ்சம்? வீட்டுக்கொரு வைத்தியச்சி இருந்தாள். தினம் வெறும் வயிற்றில் நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாக உடைத்துக் குடிக்க வேண்டும், அதன் மேல் ஒரு வாய் நல்லெண்ணெய். ஏழு நாள். ராமுத்தாயும் அப்படிக் குடித்து வளர்ந்தவள்தான்.

விடிந்ததும் கோழிக் கூட்டுக்குள் கையை விட்டு முட்டையை எடுப்பாள். ஒட்டியிருக்கும் எச்சத்தை முந்தானையில் துடைத்து, மூலையில் ஒதுங்கி உட்கார்ந்திருக்கும் மகளின் பக்கத்தில் வைத்துவிட்டுக் கொழுந்து பறிக்க ஓடுவாள். சாயங்காலம் வெறும் ஓட்டைப் பார்த்தால் மனசு நிறைந்துவிடும்.

ஐந்தாம் நாள் சின்னவள் ஆனந்திக்கு வயிற்றுப்போக்கு கண்டது. மூன்று வயசுக் குழந்தை, காய்ச்சல் வேறு அனலாக அடித்தது. தீட்டுக்காரியைத் தொட்டு விளையாடியதால் வந்தது என்று பக்கத்து வீட்டு மாரீஸ்வரி சொன்னாள். உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் புகட்ட வேண்டிய நேரத்தில் ராமுத்தாய் மஞ்சள் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள். பாவி, இரண்டு நாளை அப்படித் தொலைத்தாள். ஜீப் பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனபோது பிள்ளையின் கண் குழிவிழுந்திருந்தது. குழந்தை அழுதது, கண்ணீர் வரவில்லை.

"குட்டிக்குப் பச்சை முட்டை கொடுத்தோ?" என்று லயத்து வழக்கம் தெரிந்த மலையாள டாக்டர் பிள்ளையைக் காட்டிக் கேட்டார்.

"இல்ல சாரே, கஞ்சிதான். முட்டை பெரியவளுக்கு மட்டுந்தான்."

மறுநாள் காலையில் ஆனந்தி போய்விட்டாள்.

ரத்தப் பரிசோதனை முடிவு அதற்கு மூன்றாம் நாள்தான் வந்தது. சால்மொனெல்லா என்ற கிருமி ரத்தத்திலேயே கலந்துவிட்டது என்றார் டாக்டர். கோழி எச்சத்தில் இருக்குமாம், சில நேரம் முட்டைக்குள்ளேயும் இருக்குமாம். துடைத்தால் போகாது. மஞ்சள் கரு கட்டியாகும்வரை வேகவைத்தால் செத்துவிடும். கோழியைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பத்து நிமிடம் கொதிக்க விட்டிருந்தால் போதுமாம். பத்தே நிமிடம்! ஆனால் பிள்ளை முட்டை குடிக்கவே இல்லையே?

அன்று மாலை செல்வப்பிரியா வந்து காலடியில் உட்கார்ந்தாள். தங்கை போனதிலிருந்து அவள் ஒரு பருக்கை சாப்பிடவில்லை.

"எனக்குக் குமட்டுச்சும்மா. பாப்பாதான் கேட்டுக் கேட்டு வாங்கிக் குடிச்சா. தெனமும் அவளுக்குத்தான் குடுத்தேன். நாந்தாம்மா அவளக் கொன்னுட்டேன்."

ராமுத்தாய் கையை ஓங்கிவிட்டாள். ஓங்கிய கையைப் பார்த்தாள். கூட்டுக்குள் விட்ட கை. கழுவாமலே சின்னவளுக்குக் கஞ்சி ஊட்டிய கை. அது மெல்லக் கீழே இறங்கியது.

"நீ இல்லத்தா. கோழி எச்சம் தொட்ட கையாலயே அவளுக்கு ஊட்டிவிட்டேன். அதுலதான் வந்துச்சாம். டாக்டரே சொல்லிட்டாரு."

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் முதலில் நிம்மதி வந்தது. பிறகு வெறுப்பு வந்தது. ராமுத்தாய் இரண்டையும் வாங்கிக்கொண்டு, அவளுக்குச் சோறு போட எழுந்தாள்.