பெண்கள்: நூறு சதவீதம்

பள்ளியில் நீங்கள் பாதுகாப்பாக உணர்கிறீர்களா என்று ஆசிரியர்களைக் கேட்பதற்காகக் கதிரவன் தருமபுரியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான். எம்.எட். முடிக்க ஓர் ஆய்வு வேண்டும். ஆய்வுக்கு ஒரு பள்ளி வேண்டும். சித்தேரி மலையடிவாரத்திலிருந்த இந்த நடுநிலைப் பள்ளி வேண்டாம் என்று சொல்லாததால் மாட்டிக்கொண்டது.

'முற்றிலும் ஒப்புக்கொள்கிறேன்' முதல் 'முற்றிலும் மறுக்கிறேன்' வரை ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து கட்டங்கள். தாளைக் கையில் வாங்கியதும் ஆசிரியர்கள் நடுக்கட்டத்தைத்தான் தேடினார்கள். 'கருத்து ஏதுமில்லை' என்ற அந்தக் கட்டத்திலேயே குடியிருந்து ஒருவர் பணி ஓய்வு பெற்றுவிடலாம். ஆனால் தலைமையாசிரியர் மாதவராஜ் பின்னால் வந்து நின்றதும் எல்லோரும் முற்றிலும் ஒப்புக்கொண்டார்கள்.

கோகிலவாணி டீச்சர் மட்டும் தாளை உடனே நிரப்பவில்லை. சாயங்காலம், பள்ளி வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டார்.

"இதுல பேரு வருமாங்க தம்பி?"

"பேரே கேக்கலைங்க மேடம். யாரு என்ன போட்டாங்கன்னு எனக்கே தெரியாது."

அதைச் சொல்லும்போது அவனுக்குத் தன்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் இருந்தது.

அந்த நேரத்தில் பள்ளி வராந்தாவில் சிலர் பாட்டில்களோடு கூடியிருந்தார்கள். அவர்களில் ஒருவன் பைக்கை எடுத்து வந்து, டீச்சரின் புடவையில் சக்கரம் படும் அளவுக்கு நெருக்கி நிறுத்தி, வூட்டுல கொண்டு போய் விடட்டுமா என்று கேட்டான். தினமும் கேட்பானாம். பெயர் முருகேஷ், தலைமையாசிரியரின் கூடப்பிறந்த தம்பி. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் டீச்சர் தாளை முழங்கால் மேல் வைத்து, 'பணி முடிந்து வீடு திரும்பும்போது பாதுகாப்பாக உணர்கிறேன்' என்ற வரிக்கு எதிரே 'முற்றிலும் மறுக்கிறேன்' என்று டிக் போட்டு, நாலாக மடித்துக் கதிரவனிடம் கொடுத்தார்.

அடுத்த வாரம் முடிவுகளைச் சொல்லக் கதிரவன் திரும்பி வந்தான். தலைமையாசிரியர் டீயும் மிக்சரும் வரவழைத்திருந்தார். ஸ்மார்ட் வகுப்பறைத் திரையில் முதல் வட்டம் விரிந்தது. ஆண்கள்: முழுப் பச்சை.

"நம்ம ஸ்கூல் ஒரு குடும்பம் மாதிரிங்க தம்பி" என்றார் மாதவராஜ்.

அடுத்த வட்டம். பெண்கள்: முழுச் சிவப்பு. நடுவில் நூறு சதவீதம். எடுப்பாக இருக்கட்டும் என்று அந்த எண்ணை வேறு கதிரவன் பெரிதாகப் போட்டிருந்தான்.

ஆண், பெண் என்று பிரிக்காத ஆய்வு ஆய்வே இல்லை என்று கல்லூரியில் வழிகாட்டி சொல்லியிருந்தார். எண்களைப் போட்டால் கணினி தானே வட்டம் வரைந்துவிடும். கதிரவன் நிறங்களைச் சரிபார்த்தான். அந்தப் பள்ளியில் பெண் ஆசிரியர் ஒரே ஒருவர்தான் என்பதைச் சரிபார்க்கவில்லை.

அறையிலிருந்த அத்தனை ஆண்களும் கோகிலவாணி டீச்சரைப் பார்த்தார்கள். அவர் மிக்சரிலிருந்த கடலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கதிரவனுக்குக் காது மடல் சுட்டது.

"எந்தக் கேள்விக்குங்க இது?" என்றார் மாதவராஜ்.

கேள்வி திரையிலேயே இருந்தது. அவர் அதைப் படித்து முடித்ததும் முகத்தில் சிரிப்பு மட்டும் அப்படியே நின்றது.

"தப்பா ஏத்திட்டேங்க சார். கட்டம் மாறிடுச்சு" என்றான் கதிரவன்.

ஓர் எண்ணை மாற்றினான். வட்டம் பச்சையானது. அந்தப் பள்ளியில் எந்தக் குறையும் அவ்வளவு சீக்கிரம் தீர்ந்ததில்லை. கணக்கு வாத்தியார் சென்றாயன் கை தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். மிக்சர்த் தட்டைக் கீழே வைத்துவிட்டுக் கோகிலவாணி டீச்சரும் தட்டினார். அதைப் பார்க்க முடியாமல் கதிரவன் ப்ரொஜெக்டர் வயரைச் சுருட்ட ஆரம்பித்தான். இன்னும் மூன்று வட்டங்கள் பாக்கி இருந்தன. யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் இருவரும் அதே வாசலில், ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். மன்னிப்புக் கேட்க அவன் இரண்டு வாக்கியம் யோசித்து வைத்திருந்தான். இரண்டிலும் கணினி மேல்தான் பழி விழுந்தது. அதற்குள் வராந்தாவிலிருந்து பைக் கிளம்பி வந்தது.

பின்னாலேயே மாதவராஜும் வந்தார். அவர் வீடு அடுத்த தெருவில். அவருக்குப் பஸ் தேவையில்லை. வந்து பைக்குக்கும் டீச்சருக்கும் நடுவில் நின்றார்.

"என்னாண்ணா, நீ எங்க பஸ்ஸுக்கு?" என்றான் முருகேஷ்.

"நீ வூட்டுக்குப் போ."

அவன் அண்ணனையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தான். தேவைக்கு மேல் ஒருமுறை ஆக்சிலேட்டரை முறுக்கிவிட்டுப் போனான்.

"கட்டம் ஒண்ணும் மாறலைங்களே தம்பி?" என்று தாழ்ந்த குரலில் கேட்டார் மாதவராஜ்.

"இல்லைங்க சார்."

அவர் தலையாட்டினார். பிறகு பஸ் வர வேண்டிய திசையைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு முன்னயே தெரியுங்க டீச்சர்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று கதிரவனுக்குத் தோன்றியது. பஸ் வந்ததும் படியில் கால் வைத்தபிறகுதான் டீச்சர் திரும்பினார்.

"நாளைக்கும் இதே பஸ்ஸுதாங்க சார்."

பஸ் நகர்ந்தது. மாதவராஜ் சாலையோரத்திலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் முகத்தில் நடுக்கட்டம்தான் தெரிந்தது.

டீச்சருக்கு எதிர் வரிசையில் இடம் காலியாக இருந்தது. கதிரவன் கடைசி வரிசைவரை போய், பச்சை வட்டம் இருந்த கணினிப் பையை மடியில் வைத்து அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.