பெட்டியின் அகலம்

அன்று காலை கணினி அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: பேராசிரியை, அவரிடம் ஆய்வு செய்யும் பெண், அங்குள்ள கணினிகளைப் பராமரிக்கும் அவளுடைய அண்ணன். நான்காவது ஆள் கிடையாது.

திரவத்தைப் படிகமாக விடாமல் வேகமாகக் குளிர்வித்தால் இறுகிக் கண்ணாடியாகிவிடும். அப்போது உள்ளே மூலக்கூறுகள் என்ன செய்கின்றன என்று பார்க்க, தங்கை எட்டாயிரம் உருண்டைகளைக் கணினிக்குள் ஒரு பெட்டியில் அடைத்து ஓடவிட்டிருந்தாள். நெரிசலில் எல்லாம் நின்ற இடத்திலேயே நெளிய, அறுபத்தொன்று மட்டும் தம் பருமன் அளவாவது தாவியிருந்தன. அதைப் பற்றிய கட்டுரை மதியத்துக்குள் இதழுக்குப் போக வேண்டும். அந்தக் குடும்பத்திலிருந்து அச்சேறப்போகும் முதல் பெயர் அவளுடையது.

கடைசியாக ஒருமுறை எண்களை மேய்ந்தவளுக்கு ஏதோ உறுத்தியது. அறுபது உருண்டைகள் ஏறக்குறைய ஒரே தூரம் தாவியிருந்தன. சொல்லிவைத்தாற்போல் எப்படித் தாவும்? பெட்டியின் அகலத்தை எடுத்துப் பார்த்தாள். அதே எண்.

அந்தப் பெட்டிக்குச் சுவர் இல்லை. இடப்பக்கம் வெளியேறும் உருண்டை வலப்பக்கம் உள்ளே வரும். அப்படித்தான் அமைப்பது வழக்கம். தூரத்தை அளக்கும்போது அந்த அகலத்தைக் கழிக்க மறந்திருந்தாள். விளிம்பில் மயிரிழை நகர்ந்து வெளியேறியவையெல்லாம் பெட்டியையே கடந்ததாகப் பதிவாகியிருந்தன.

அண்ணனிடம் சொன்னாள். அவன் பேராசிரியையின் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு குனிந்தான்.

"மேடம் கவனிக்கல. அனுப்பிடு, அப்புறம் பாத்துக்கலாம். மாமா வரைக்கும் சொல்லியாச்சு."

"மாமாவுக்குக் கண்ணாடின்னா தலை சீவறதுக்குண்ணா. அவர் ஒண்ணும் வருத்தப்பட மாட்டார்."

எழுந்து நேராகப் பேராசிரியையிடம் போனாள். "மேடம், அறுபது போச்சு. என் தப்பு."

பேராசிரியை மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அறுபத்தொண்ணாவது?"

அதை அவள் பார்த்திருக்கவில்லை. மூவரும் திரையின் முன் அமர்ந்தார்கள். அந்த உருண்டை தன் பருமன் அளவே நகர்ந்திருந்தது. அது விட்ட இடத்துக்குப் பின்னாலிருந்தது வழுக்கி வந்தது. அதன் இடத்துக்கு இன்னொன்று. வரிசை நகர்வதுபோல ஏழு உருண்டைகள்; பின்னால் வந்த ஆறும் சற்றுக் குறைவாக நகர்ந்ததால் கணக்கில் வரவில்லை. சுற்றிலும் மற்றவை அசைந்து கொடுக்கவில்லை.

"ஏன் அந்த இடத்துல மட்டும்?" என்று கேட்டது அண்ணன்தான். யாருக்கும் தெரியவில்லை. திரும்ப ஓட்டச் சொன்னான். மதியம் தாண்டியது, கட்டுரை போகவில்லை.

பேராசிரியை பிழையைப் பிடித்து அவளைத் திட்டினார், அவள் அழுதாள் என்று ஒரு பேச்சு உலவுகிறது. தவறு. பிடித்தவள் அவளே. யாரும் அழவில்லை.