பூனைக்குப் பெரியப்பா

சமத்தின் சித்தப்பா சாக வேண்டுமென்று புருல்சா ஒருநாளும் நினைத்ததில்லை. ஆனால் அந்த மனுஷர் வேறு நாளே கிடைக்காத மாதிரி செவ்வாய்க்கிழமை சாயங்காலம் பார்த்துக் கண்ணை மூடினார். புதன்கிழமை விடிந்தால் அவளுக்குச் சுற்றுலா வழிகாட்டித் தேர்வு. மூன்று நாள், மூன்று ஊர். கராகான் அரசர்கள் எண்ணூறு தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னால் கட்டிவிட்டுப் போன கோபுரங்களையும் சமாதிகளையும் காட்டி, அவர்கள் கதையைச் சொல்ல வேண்டும். தேர்வாளர் பயணி மாதிரி பின்சீட்டில் உட்கார்ந்து வருவார். வண்டிக்கும் டிரைவருக்கும் ஏற்பாடு அவளுடையது. அந்த டிரைவர்தான் சமத். சொந்தச் சித்தப்பா சாவுக்குப் போகாமல் வண்டி ஓட்டப் போனான் என்று பெயர் வாங்கினால், அப்புறம் அவன் டோக்மோக் ஊருக்குள் தலைகாட்ட முடியுமா?

"இதுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்கே? நான் ஓட்டறேன்" என்றார் மாமனார் அர்ஸ்லான். முப்பது வருஷம் அந்த மலைப்பாதையில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் செம்மறி ஆடுகளை மிரட்டிக்கொண்டிருந்த மனுஷருக்கு இதைக் கேட்டதும் பத்து வயது குறைந்துவிட்டது.

புருல்சா தேர்வு விதிகள் இருந்த காகிதத்தை எடுத்து நீட்டினாள். "அத்தா, விதி ஏழுன்னு ஒண்ணு இருக்கு. வண்டியில சொந்தக்காரங்க யாரும் இருக்கக் கூடாது."

"யாரு சொந்தக்காரன்? மூணு நாளைக்கு நான்தான் சமத். போ, போய்ப் படி."

அது முதல் சிக்கல். இரண்டாவது சிக்கலை அவளால் வாய்விட்டுச் சொல்லவே முடியாது. கிர்கிஸ் வீட்டு மருமகள் மாமனார் பெயரை உச்சரிக்க மாட்டாள்; அந்தப் பெயர் வேறு எங்கே வந்தாலும் விழுங்கிவிடுவாள். கராகான் வம்சத்திலோ தடுக்கி விழுந்தால் ஓர் அர்ஸ்லான் கான். கிழக்கே ஆண்டவர்களுக்குச் சிங்கம் என்று பட்டம், அதுதான் அர்ஸ்லான். மேற்கே ஆண்டவர்களுக்கு ஆண் ஒட்டகம் என்று பட்டம், அது புக்ரா. நாம் தாராளமாகச் சொல்லலாம், நாம் என்ன அந்த வீட்டுக்கா வாழ்க்கைப்பட்டோம்? புருல்சா வாழ்க்கைப்பட்டிருந்தாள். சமத் ஓட்டியிருந்தால் அவர் காதுக்கு எட்டாத தூரத்தில் எப்படியாவது பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லித் தொலைத்திருப்பாள். இப்போது அந்தக் காதே ஸ்டியரிங் பிடிக்கப்போகிறது.

விட்டுவிடவும் வழியில்லை. அடுத்த தேர்வு அடுத்த வருஷம்தான். புருஷன் குபாத் மாஸ்கோவில் கட்டட வேலையில் இருந்தான். கல்யாணமாகி இரண்டு வருஷத்தில் அவன் முகத்தை அவள் நேரில் பார்த்தது மொத்தம் ஐந்து மாதம். "நீ லைசென்ஸ் வாங்கு, மறுநாளே வந்துடறேன். நீ கதை சொல்லு, நான் வண்டி ஓட்டறேன்" என்று சொல்லியிருந்தான். அந்த ஒரு காகிதம் இருந்தால் வீட்டுக்குப் புருஷன் வருவான். இல்லாவிட்டால் இன்னும் ஒரு குளிர்காலம் போன் திரையோடுதான் குடித்தனம்.

தேர்வாளர் ஜெய்னெப் அக்காவுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தெற்குச் சீமைக்காரி, தலைநகரில் சரித்திர ஆசிரியை. மடியில் நீல அட்டை, கையில் பேனா. சிரிப்பு என்ற வழக்கமே அந்த முகத்தில் இல்லை.

"டிரைவர் பேரு?"

"சமத்" என்றாள் புருல்சா.

"சமத், ஜன்னலைக் கொஞ்சம் ஏத்துங்க."

அர்ஸ்லான் பாட்டுக்கு விசிலடித்துக்கொண்டிருந்தார்.

"சமத்!"

ஊஹும். புருல்சா தொண்டையைச் செருமினாள், இருமினாள், கடைசியில் கார் கதவைத் தட்டினாள். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. "ஆங்! நான்தானே! சொல்லுங்க மேடம்!"

முதல் ஊர் புரானா. வெட்டவெளியில் பாதி உடைந்த செங்கல் கோபுரம், சுற்றிலும் புல்லில் நிற்கும் கல் பொம்மைகள். வண்டியிலேயே இருங்கள் என்று மாமனாரைச் சொல்ல மருமகளுக்கு வாய் வருமா? அவரும் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில் வந்து நின்றார், மருமகள் பேசுவதைக் கேட்கிற பெருமை முகத்தில் வழிய.

"இந்த நகரத்துலேருந்து ஆண்டவர்..." என்று ஆரம்பித்த புருல்சா நின்றாள். "ஆண்டவர் வந்து... பிடரி வச்ச கான்."

"யாரு?" பேனா நின்றது.

"காட்டுல பெரிய ஆளா இருக்குமே, அக்கா. கர்ஜிக்குமே."

"அதுக்குப் பேரு இல்லையா?"

புருல்சாவுக்கு வியர்த்துக் கொட்டியது. "பூனைக்குப் பெரியப்பா" என்றாள்.

ஜெய்னெப் அதை எழுத்துக்கு எழுத்து அட்டையில் குறித்துக்கொண்டாள். மாமனாரோ பூரித்துப்போய், "நல்லா விளங்குற மாதிரி சொல்லுதே பொண்ணு!" என்று பக்கத்தில் நின்ற கல் பொம்மையிடம் சொன்னார்.

அதற்குப் பிறகு புருல்சா ஒட்டகத்தைப் பிடித்துக்கொண்டாள். புக்ரா கானுக்கு வீட்டில் யார் பெயரும் இல்லை; எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்லலாம். புக்ரா கான் படையெடுத்தார், புக்ரா கான் காசு அடித்தார், புக்ரா கான் குளித்தார். துஆஷூ கணவாய்ச் சுரங்கத்துக்குள் வண்டி நுழைந்து வெளியே வருவதற்குள் ஒட்டகக் கான் உலகத்தில் பாக்கி வைத்த காரியமே இல்லை.

"இவ்வளவையும் ஒட்டகமே செஞ்சுதுன்னா, கிழக்குல இருந்தவர் என்ன பண்ணிட்டிருந்தார்?" என்று கேட்டாள் ஜெய்னெப்.

"எதிர்க்கட்சியில இருந்தார், அக்கா."

பேனா மறுபடி ஓடியது.

ராத்திரி தங்கல் டோக்டோகுல் ஏரிக்கரையில். தங்கும் வீட்டுக்காரி கறிச்சட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். பந்தியில் பெரியவருக்கு இடுப்பெலும்பு என்பது அம்மா வயிற்றிலிருந்தே தெரிந்த கணக்கு. புருல்சாவின் கை தானாகப் போய் இடுப்பெலும்பை எடுத்து டிரைவர் தட்டில் வைத்தது. தேர்வாளருக்கு விலா. டிரைவர் கிண்ணத்தில் இரண்டு மடக்கு டீ, மரியாதைக்குரியவர்களுக்கு அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும். தேர்வாளர் கிண்ணத்தைப் பதற்றத்தில் விளிம்புவரை நிரப்பிவிட்டாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்பவர்களுக்குத்தான் அப்படி நிரப்புவார்கள். அதோடு போனாளா? படுக்கப் போகும்போது மருமகள் வழக்கப்படி டிரைவருக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து, வாசல்படியில் குதிகால் இடறி, கைப்பிடிச் சுவரோடு மோதிக் குனிந்து ஒரு கும்பிடும் போட்டுவிட்டு ஓடினாள்.

"டிரைவருங்களுக்கு உங்க ஊருல நல்ல மரியாதை" என்றாள் ஜெய்னெப்.

அர்ஸ்லான் எலும்பைக் கடித்தபடி, "தொழில் அப்படி மேடம்" என்றார்.

மறுநாள் ஆறு மணி நேரம் வளைந்து வளைந்து போனார்கள். வழியில் அர்ஸ்லான் உப்புத் தயிர் உருண்டைகளை ஒரு பை நிறைய வாங்கி, ஒவ்வொரு வளைவுக்கும் ஒன்றாக வாயில் போட்டுக்கொண்டார். ஜெய்னெப் மட்டும் அரைமணிக்கொரு தரம் கேட்டாள்:

"ரெண்டாவது இடத்துக்கு இன்னும் எவ்வளவு தூரம்?"

"ஷா ஃபாசில் சமாதிக்கா அக்கா? இன்னும் ஒரு மணி நேரம்."

"ஆங். ரெண்டாவது இடம்தான்."

அந்தச் சமாதிக்குள் சுவர் முழுக்கச் சுதையில் கொத்திய எழுத்து. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். அங்கே புருல்சா பிடிபிடியென்று பிடித்தாள். சிங்கம் பக்கமே போகாமல், செங்கல், சுதை, எழுத்து, யாத்திரை என்று அரைமணி நேரம் மடைதிறந்த மாதிரி பேசினாள். ஜெய்னெப்பே பேனாவை வைத்துவிட்டுக் கேட்டாள். மருமகளுக்கு உயிர் வந்தது. வெளியே வரும்போது ஜெய்னெப் சொன்னாள்:

"ரெண்டாவது இடம் பரவாயில்லை. ஆனா நாளைக்கு உஸ்கென்ல ராஜாக்களை வரிசையா, பட்டத்தோட சொல்லணும். பிடரி, எதிர்க்கட்சி எல்லாம் செல்லாது. சொல்லலேன்னா கையெழுத்து இல்லை."

வந்த உயிர் வந்த வழியே போயிற்று.

மூன்றாம் நாள் உஸ்கென். ஒரு கோபுரமும் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் மூன்று சமாதிகளும். நடு முகப்பில் சூரிய வெளிச்சம் விழுந்து செங்கல் பழுத்த ஆப்ரிகாட் பழம்போலச் சிவந்திருந்தது. புருல்சாவுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. காலையில் குபாத் போனில் பேசியிருந்தான். "டிக்கெட் பார்த்து வச்சிருக்கேன், வாங்கவா?" என்று கேட்டான். அவள் அழுதுவிட்டாள்.

"ம், ஆரம்பி" என்றாள் ஜெய்னெப்.

மாமனார் பத்தடி பின்னால், தூணில் சாய்ந்து, கடைசித் தயிர் உருண்டையைச் சப்பிக்கொண்டிருந்தார். தள்ளிப் போங்களேன் அத்தா என்று அவள் கண்ணால் கெஞ்சினாள். அவர் கண்ணாலேயே 'ஜமாய்!' என்றார். கடவுளே, இந்த மனுஷர் இவ்வளவு நல்லவராக இருந்து தொலைக்காமலாவது இருக்கக் கூடாதா!

"மேற்கே புக்ரா கான். கிழக்கே..."

காற்று அடித்தது. ஜெய்னெப் அட்டையை மூட ஆரம்பித்தாள். பாதி மூடியதும் புருல்சாவின் கண்ணுக்கு முன்னால் டோக்மோக் வீட்டு வாசல் வந்தது, பனி வந்தது, போன் திரையில் உறைந்துபோய் நிற்கும் குபாத்தின் மூக்கு வந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டாள். சொன்னாளா? கத்தினாள்!

"அர்ஸ்லான்!"

"என்னம்மா மருமகளே?" என்றார் பின்னாலிருந்து அர்ஸ்லான்.

கோபுரத்தில் இருந்த புறாக்கள் படபடவென்று பறந்தன. அர்ஸ்லானுக்குத் தான் செய்தது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. தொப்பியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். புருல்சா முகத்தை முக்காட்டால் மூடிக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பெயரையும் சொல்லியாயிற்று, விதி ஏழை மீறியதும் அம்பலமாகிவிட்டது. எல்லாம் போச்சு!

"மேடம், தப்பு என்னோடதுதான். இவ வேணாம்னுதான் சொன்னா" என்று ஓடி வந்தார் அர்ஸ்லான்.

"உக்காருங்க அத்தா" என்றாள் ஜெய்னெப் அமைதியாக. "இடுப்பெலும்பை உங்க தட்டுல வச்சப்பவே தெரியும். எந்த ஊருலயாவது டிரைவருக்கு முதுகு காட்டாம பொண்ணுங்க பின்பக்கமா நடந்து போய்ச் சுவத்துல முட்டிக்குவாங்களா?"

"தெரிஞ்சுமா இப்படிப் பாடாய்ப் படுத்தினீங்க?" புருல்சாவுக்கு அழுகையோடு கோபமும் வந்துவிட்டது.

"பின்னே? நாளைக்கு இருபது பேர் காசு குடுத்து வருவாங்க. அவங்களுக்கும் பூனைக்குப் பெரியப்பான்னு சொல்லுவியா? மரியாதை மனசுல இருக்கணும்டி. தொழில்னு வந்தா வாய் திறந்தாகணும். நான் பார்க்க நினைச்சது அதைத்தான். திறந்துட்டே." அட்டையைத் திறந்து கையெழுத்துக் காகிதத்தை எடுத்தாள். "விதி ஏழு சொந்தக்காரங்களைப் பத்தினது. என் கண்ணுக்குத் தெரிஞ்சது சமத்னு ஒரு டிரைவர், அவ்வளவுதான். நில்லு. கையெழுத்துப் போடறதுக்கு முன்னால சத்தமாப் படிச்சுக் காட்டணும், அது விதி பன்னிரண்டு."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வகுப்பில் பாடம் எடுக்கும் குரலில் படித்தாள்: "புருல்சா என்பவர் மூன்று நாட்கள் மூன்று இடங்களில் வழிகாட்டினார். அவை: புரானா கோபுரம்..."

நின்றாள். கண்ணாடியைத் துடைத்தாள். "ரெண்டாவது இடம். உஸ்கென் சமாதிகள்."

புருல்சா முக்காட்டை விலக்கி நிமிர்ந்து பார்த்தாள். முந்தின நாள் முழுக்கக் கேட்ட 'ரெண்டாவது இடம்' ஒவ்வொன்றாக அவள் காதுக்குத் திரும்பி வந்தது.

"அக்கா, உங்க மாமனார் பேரு என்ன?"

ஜெய்னெப் வாயைத் திறக்கவில்லை. கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோய்த் தூரத்து மலைப் பக்கமாக எங்கேயோ பார்த்தாள்.

"ஃபாசிலா?" என்றார் அர்ஸ்லான் ஆர்வம் தாங்காமல்.

"ஐயோ, சத்தமாச் சொல்லாதீங்க!" ஜெய்னெப் பதறிப்போய் எழுந்தே நின்றுவிட்டாள். பிறகு மெதுவாக உட்கார்ந்தாள். "அவர் போய்ச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. நல்ல மனுஷன். புருஷன் வேணாம்னு தடுத்தப்பவும் என்னைப் படிக்க அனுப்பினது அவர்தான். இன்னைக்கு வரைக்கும் வாய் வரலை."

"தொழில்னு வந்தா..." என்று ஆரம்பித்தார் அர்ஸ்லான்.

"நீங்க சும்மா இருங்க அத்தா" என்றார்கள் இரண்டு மருமகள்களும் ஒரே நேரத்தில்.

புருல்சா காகிதத்தை வாங்கி, ஜெய்னெப்புக்காக அந்த ஒரு வரியை மட்டும் சத்தமாகப் படித்தாள். ஜெய்னெப் தலையைக் குனிந்து கேட்டாள், கையெழுத்துப் போட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த முகத்தில் மூன்று நாளில் முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. புருல்சா போனை எடுத்துக் குபாத்துக்கு 'வாங்கு' என்று ஒரே வார்த்தை அனுப்பினாள். அவசரத்தில் அதையே மூன்று தடவை அனுப்பிவிட்டாள்.

காருக்குப் போகும் வழியில் அர்ஸ்லான் மெதுவாக அவள் பக்கத்தில் வந்தார். "மருமகளே, இன்னொரு தரம் கூப்பிடேன். உன் வாயில கேக்க நல்லாத்தான் இருந்துது."

"முடியாது அத்தா" என்றாள் அவள், முக்காட்டைக் கடித்துச் சிரித்துக்கொண்டே.

ஜெய்னெப் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். "சமத், வண்டியை எடுங்க" என்றாள்.

மூன்று நாளில் முதல் தடவையாக அந்தப் பெயருக்கு அவர் உடனே திரும்பிப் பார்த்தார்.