ஏழாவது பாடலைப் பற்றிய என் கருத்து

என் மகள் தேன்மொழி பெங்களூரில் பணிபுரிகிறாள். விடுமுறை நாட்களில் நண்பர்கள் நால்வருடன் சேர்ந்து சிம்போனிக் பவர் மெட்டல் என்னும் வகை இசையைப் பாடி வருகிறாள். அவ்விசையில் எண்ணற்ற வயலின்களும், மின் கிட்டார்களும், மூச்சு விடாத டிரம்ஸும் ஒருங்கே முழங்கும். 'கருங்கோட்டை' என்னும் தலைப்பில் அவர்கள் ஒன்பது தமிழ்ப் பாடல்களைப் பதிவு செய்திருந்தனர். கோட்டையை இழந்த அரசி ஒருத்தி அதனை மீட்கும் கதை அது. அவற்றுள் ஏழாவதான 'கடைசிக் காவல்' தேன்மொழியே எழுதியது. அதனை நீக்க வேண்டும் என்று மற்ற நால்வரும் கூறினர்.

"எங்கப்பா கேட்டுட்டு எழுதித் தரட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று அவள் சொல்லியிருந்தாள். நாற்பத்தொன்பதாம் வயதில் தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்புத் தேறியவன் நான். ஆகவே மறுக்கவில்லை. மாலை நான்கு மணி வரை அவகாசம் தரப்பட்டது.

அன்று நான் என் லாரியில் கிரானைட் ஏற்றிக்கொண்டு சேலம் சென்றுகொண்டிருந்தேன். மூன்று நாட்களாக உறக்கமில்லை. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்ததால் வண்டிகள் நெடுந்தொலைவு நின்றன. பிற்பகல் இரண்டரை மணிக்குக் குறிப்பேட்டை மடியில் வைத்துப் பாடல்களை ஒலிக்கச் செய்தேன். பக்கத்து லாரி ஓட்டுநர் பெரியண்ணன் கதவைத் தட்டினார்.

"என்னங்க மாது, இப்படிக் கூவுது, எஞ்சின்ல டர்போ போயிடுச்சா?"

"இல்லீங்க. எம்பொண்ணு பாடுது."

அவர் சிறிது நேரம் நின்று கேட்டார். "பாப்பா நல்லாத்தான் பாடுது. சுத்தி இருக்கறவங்கதான் அத கேக்க வுட மாட்டேங்கறாங்க" என்று கூறித் தேநீர் அருந்தச் சென்றார்.

அவர் கூறியதில் உண்மை உண்டு. பாடல்களில் ஏற்றத்திற்குப் பின் ஏற்றமே வந்ததேயன்றிச் சமதளம் வரவில்லை. ஆயினும் நான்காம் பாடலில் என் மகளின் குரல் அத்தனை வயலின்களுக்கும் மேலே சென்று நின்றது. என் கைகள் சிலிர்த்தன. இவ்வாறு ஆறாம் பாடல் வரை எழுதினேன்.

கண் விழித்தபோது கேபினில் ஓசையில்லை. ஒன்பது பாடல்களும் முடிந்திருந்தன. மணி நான்காகப் பத்து நிமிடமே இருந்தது. முன்னிருந்த வண்டிகள் நகர, பின்னிருந்தவர்கள் ஹாரன் அடித்தனர். 'ஏழாம் பாடலில் போர் முரசுகள் இடியென முழங்குகின்றன. இதனை நீக்குதல் தகாது' என விரைந்து எழுதி, படம் எடுத்து அனுப்பினேன்.

உடனே தேன்மொழி அழைத்தாள். வண்டியை ஓரம் கட்டினேன்.

"அப்பா, ஏழாவது கேட்டீங்களா?"

"கேட்டுத்தானேம்மா எழுதியிருக்கேன்."

"அதுல முரசு எங்கப்பா வருது?"

"காவல்னா முரசு இல்லாமயா?"

"அதுல டிரம்ஸே இல்லப்பா. ரெண்டு வயலினும் நானுந்தான். அதனாலதான் எடுக்கச் சொல்றாங்க."

பொய்யைத் தொடர எனக்கு வலுவில்லை. "தூங்கிட்டேம்மா" என்றேன்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன்ப்பா" என்றாள் தாழ்ந்த குரலில். டிரம்ஸ் வாசிக்கும் நண்பன் குரு அங்கே சிரிப்பது கேட்டது.

"பாத்தியா தேனு, உங்கப்பாவே தூங்கிட்டாரு."

"தம்பி, மூணு நாளா கண்ண மூடல. மொத ஆறும் என்னை நிமிந்து உக்கார வெச்சுது. ஏழாவதுதான் படுக்க வெச்சுது. அது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல."

"எட்டாவதுல நான் அந்த அடி அடிச்சிருக்கேன். அதுக்கும் எந்திரிக்கலயா அங்கிள்?"

"எந்திரிக்கலீங்க."

இம்முறை மற்றவர்கள் சிரித்தனர். "நீங்க பாத்துப் போங்கப்பா, நான் பேசிக்கறேன்" என்று தேன்மொழி அழைப்பைத் துண்டித்தாள்.

வண்டியை எடுக்காமல் ஏழாம் பாடலை மட்டும் கேட்டேன். போருக்கு முந்தைய நாள், மதில் மேல் பல நாள் உறங்காத காவலன் ஒருவன் நிற்கிறான். அரசி படியேறி வந்து அவன் கையிலிருந்த ஈட்டியைத் தான் வாங்கிக்கொள்கிறாள். 'நீ உறங்கு, இக்காவல் என்னுடையது' என்று பாடுகிறாள். அவ்வளவே பாடல்.

முரசைப் பற்றிய வரியை அடித்துவிட்டு, 'ஏழாம் பாடலில் உறங்கினேன்' என்று எழுதி மீண்டும் அனுப்பினேன். பின்னர் இரண்டாம் கியரில் கணவாயில் இறங்கினேன். சேலத்தில் கற்களை இறக்கும்போது செய்தி வந்திருந்தது. 'ஏழாவது இருக்குதுப்பா. குருவே இருக்கட்டும்னு சொல்லிட்டான்.'

பதில் எழுத எண்ணினேன். கண்கள் சொருகின. கைப்பேசியை மார்பின் மீது வைத்துக்கொண்டு இருக்கையில் சாய்ந்தேன்.